வடசேரிக்குச் சோறு இல்லை

நாவற்குடா,
12.01.2025

அன்புள்ள மதுரன் மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு ஒரு நாள் முந்தியே செய்தி சொல்லிவிடுகிறது. அங்கே பனி கொட்டுகிறது என்று குடும்பக் குழுவில் படம் போட்டிருந்தீர்கள். அதில் கையுறை இல்லாமல் நிற்கிறீர்கள். மாமி கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

போன் இருக்கத் தபாலில் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் போன் பொதுச்சொத்து. நான் நாவல் எழுதுவதை அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அது அப்படியே இருக்கட்டும்.

புதிய அத்தியாயம் இத்துடன் வருகிறது. இருகரை உலகத்தின் புதுப்பிப்புச் சடங்கு. வருடக் கடைசியில் அந்த உலகம் நைந்துபோகும். எழுவான்கரையில் உதிக்கும் சூரியன் படுவான்கரையை எட்டுமுன் களைத்து நடு வாவிக்குள் விழத் தொடங்கும். அப்போது ஊர் கூடி நீலாத்தையின் கதையை மீண்டும் நடத்த வேண்டும். அவள் கணவன் ஓடன் தோணியேறி முகத்துவாரத்தால் கடலுக்குப் போகிறான். அவள் மூன்று தரம் கூப்பிடுகிறாள். அவன் திரும்பவில்லை. அவள் கண்ணீரில் மணல்மேடு உடைந்து புதுத்தண்ணீர் உள்ளே வருகிறது. சூரியன் எழும்புகிறது.

பூசாரி, விளக்கு, முகமூடி, பாட்டு என்று எல்லாம் எழுதிவிட்டேன். திருப்பிப் படித்தால் கரையில் ஒதுங்கிய மீனைப் போலக் கிடக்கிறது. கூட்டத்தில் நிற்பவர்களுக்கு முடிவு தெரியும். அவன் வரமாட்டான் என்று பிள்ளைகளுக்கும் தெரியும். பிறகு ஏன் அழுகிறார்கள்? இது விளங்காமல் என்னால் ஒரு வரியும் மேலே போக முடியவில்லை.

வேறு விசேடம் இல்லை. அப்பா எனக்குக் கட்டும் வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. மகளுக்கு வீடு, வீட்டுக்கு மாப்பிள்ளை என்பதுதானே நம் முறை. போன ஞாயிறு கனடாவிலிருந்து ஒரு குடும்பம் வந்து, தொதல் சாப்பிட்டு, அத்திவாரத்தையும் பார்த்துவிட்டுப் போனது. அவர்களுடைய மகனுக்கு இங்கே வீடு தேவைப்படாதாம்.

கையுறை போடுங்கள்.

அன்புடன்,
தனுஷியா


கோஜே தீவு, தென்கொரியா,
04.02.2025

அன்புள்ள தனுஷியா மச்சாளுக்கு,

நான் சுகம். கையுறையைக் கழற்றினால்தான் படம் எடுக்கலாம், அதனால் கழற்றினேன். கப்பல் கட்டும் இடத்தில் காற்று வெல்டிங் முகமூடிக்குள்ளும் புகுந்து காதைக் கடிக்கிறது. மாமாவுக்கும் உன் அம்மாவுக்கும் என் அன்பைச் சொல்.

அத்தியாயத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன். ஒரு பக்கத்தில் குழம்பு பட்டுவிட்டது. கோபிக்காதே.

நீ பூசாரியை எழுதியிருக்கிறாய், கூட்டத்தை எழுதவில்லை. எல்லாரையும் 'மக்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டாய். மக்கள் என்று ஒருவரும் கோயிலுக்கு வருவதில்லை. செருப்பைத் தொலைத்தவள் வருவாள். பிள்ளையைத் தோளில் வைத்திருப்பவன் வருவான். கச்சான் கடலை வாங்கப் போய் முக்கியமான இடத்தைத் தவறவிட்டவன் வருவான். அவர்களில் ஒருவரிடம் போய் ஏன் அழுகிறாய் என்று கேள்.

இன்னொன்று. முடிவு முன்பே எழுதப்பட்டிருக்கிறது, அதனால்தான் செத்துக் கிடக்கிறது. நம் பூர்வீக ஊரான வெல்லாவெளிக் கண்ணகை அம்மன் கோயிலில் கொம்பு முறிப்பார்களாமே. நாம் பிறக்குமுன் யுத்தத்தில் நின்றுபோனது. அதில் யார் வெல்வார் என்று எவருக்கும் தெரியாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்பா இல்லை, இனி உன் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். தன் தம்பி சொன்ன கதை என்றால் சொல்லாமல் விடமாட்டா.

இங்கே ஒப்பந்தத்தை நீடிக்கச் சொல்கிறார்கள். ஆடி முடியுமுன் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் நாலைந்து வருடம்.

கனடாக்காரருக்குத் தொதல் பிடித்திருக்கும். உன் அம்மா கிண்டும் தொதல் யாருக்குத்தான் பிடிக்காது.

இப்படிக்கு,
மதுரன்


நாவற்குடா,
02.03.2025

அன்புள்ள மச்சான்,

உங்கள் கடிதம் குழம்பு வாசத்தோடு சுகமாக வந்து சேர்ந்தது. இங்கும் சுகம். கல்குடாவுக்குப் போய் மாமியைப் பார்த்தேன். கடற்காற்றில் நல்ல நிறமாக இருக்கிறா.

அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, இரண்டு நாளாக நிறுத்தவில்லை!

அம்மனும் கணவனும் பூப்பறிக்கப் போனார்களாம். இரண்டு பேரின் நுனி வளைந்த கொக்கத்தடிகளும் மரத்தில் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டன. இழுத்தார்கள். அவருடையது முறிந்தது, அம்மன் கைகொட்டிச் சிரித்தா. அதற்குப் பிறகுதான் அவர் ஊரைவிட்டுப் போனதும், திரும்பி வராததும், அம்மன் நகரை எரித்ததும். அந்தப் பூப்பறிப்பை ஊர் இரண்டாகப் பிரிந்து, வளைந்த மரக் கொம்புகளைக் கொளுவி இழுத்து மறுபடி விளையாடுகிறது. தென்சேரி அம்மன் பக்கம், வடசேரி அவர் பக்கம். பிள்ளைக்குத் தகப்பனின் பக்கம்தான். அதனால் அம்மாவும் அவவின் தம்பியான உங்கள் அப்பாவும் வடசேரி, நீங்களும் வடசேரி. அப்பாவும் நானும் தென்சேரி. இத்தனை வருடம் எதிரிக்குக் கதை படிக்கக் கொடுத்திருக்கிறேன்.

கொம்பு நாட்களில் வீட்டுக்குள்ளும் இரண்டு சேரியாம். கலியாணம் முடித்த வருடம் நடந்ததை அம்மா இப்படித்தான் சொன்னா: "மூணு நாளும் உங்கப்பாக்கு நான் சோறு போடல்ல. பசிச்சா உங்கட தென்சேரி அம்மனட்டக் கேளுங்க எண்டன்."

அப்பா பேப்பரை விலக்காமலே சொன்னார்: "முறிஞ்சது ஆர்ர கொம்பு எண்டும் சொல்லன் கா."

அம்மா எழுந்து குசினிக்குப் போய்விட்டா.

இனித்தான் செய்தி. இரண்டு வருடமாக வட்டை வயலில் பயிருக்கு நோய், ஊரில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். வருகிற வைகாசிச் சடங்கோடு கொம்பு முறிப்பதென்று வெல்லாவெளிப் பக்கத்தார் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர் திவாகரன் அண்ணன்தான் முன்னுக்கு நிற்கிறார். என் நாவலில் வருவதைக் கண்ணால் பார்க்கப்போகிறேன். நூலகத்தில் வாசகர் கேட்ட புத்தகத்தை எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வருகிறேன், அந்த அளவுக்குச் சந்தோசம்.

ஒப்பந்தத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். யோசித்து நல்லதைச் செய்யுங்கள். வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது.

அன்புடன், தென்சேரியிலிருந்து,
தனுஷியா


கோஜே தீவு,
24.03.2025

தென்சேரி மச்சாளுக்கு,

சுகம், சுகமே இருப்பாயாக. ஆனால் உன் கொம்பு முறியட்டும்.

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் அறையில் இருக்கும் நேபாளத்துப் பையனுக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். அவனும் இப்போது வடசேரி.

இரும்போ மரமோ, எதுவும் முறிவது வளைவில்தான். கொம்பு வெட்டும்போது வளைவுக்குள் முடிச்சு இருக்கிறதா என்று எங்கள் ஆட்களைப் பார்க்கச் சொல். சொல்லமாட்டாய், நீ எதிரி.

அன்றைக்கு என் இடத்தில் யாராவது ஒருவர் கொம்பை இழுக்கும் வடத்தைப் பிடிக்க வேண்டும். அப்பாவும் இல்லை, நானும் இல்லை. அந்த இடம் வெறுமையாகக் கிடக்கக் கூடாது.

மதுரன்


நாவற்குடா,
20.04.2025

அன்புள்ள மச்சான்,

சித்திரை பிறந்துவிட்டது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். தலையில் மருத்துநீர் வைக்கும்போது அம்மா உங்கள் பெயரையும் சொல்லி ஒரு சொட்டை நிலத்தில் விட்டா.

அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதினேன். இப்போது நீலாத்தை கூப்பிட்டு அழுவதோடு நிற்பதில்லை. ஓடனின் தோணியில் எழுவான்கரை மக்கள் ஒரு வடமும் படுவான்கரை மக்கள் ஒரு வடமும் கட்டி, ஒருவருக்கு எதிராக ஒருவர் இழுக்கிறார்கள். செருப்புத் தொலைந்தவளையும் சேர்த்திருக்கிறேன். ஆனால் கடைசியில் அவன் போகத்தான் வேண்டும், கதை அப்படி. அழுகை எங்கிருந்து வருகிறது என்று இன்னும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு நிலை வைத்தாயிற்று. வாசல் கிழக்கே. மேசன் மாவிலை கட்டியபோது, இந்த வாசலால் யார் முதலில் உள்ளே வருவார் என்று திவாகரன் அண்ணன் பகிடியாகக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

கனடாவுக்குப் படம் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். வைகாசிச் சடங்கு முடிய முடிவு சொல்வதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

நீங்கள் ஆடிக்கு என்ன முடிவெடுத்தீர்கள் என்று எழுதவில்லை. மாமி கேட்டா, அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
தனுஷியா


நாவற்குடா,
30.05.2025

அன்புள்ள மச்சான்,

சுகமாக இருக்கிறீர்களா? என் சித்திரைக் கடிதம் கிடைத்ததா? குடும்பக் குழுவிலும் பெருவிரலை மட்டும் போடுகிறீர்கள்.

இரண்டு சேரிக்கும் கொம்பு வெட்டிவிட்டார்கள். போன ஞாயிறு திவாகரன் அண்ணன் வீட்டுக்குப் போய் உங்கள் பக்கக் கொம்பின் வளைவைத் தடவிப் பார்த்தேன். முடிச்சு இல்லை. எதிரியாக இருந்தும் சொல்கிறேன்.

நாளைக்கு ஊருக்குப் போகிறோம்.

தனுஷியா


நாவற்குடா,
13.06.2025

அன்புள்ள மச்சான்,

உங்கள் சுகத்தை மாமியிடம் கேட்டு அறிந்துகொண்டேன். "வேலை கூடவாம்" என்றா. எங்கள் வீட்டில் எல்லாரும் தொண்டை கட்டி, உள்ளங்கை உரிந்து, பரமசுகமாக இருக்கிறோம்.

எங்கே தொடங்குவது! கொம்பிலிருந்தே தொடங்குகிறேன். திவாகரன் அண்ணன் வீட்டு மாமரத்தின் கீழ் அதை நான் வெறும் மரமாகப் பார்த்தவள். வெட்டுவதற்குப் பென்சிலால் போட்ட கோடுகூட அதில் இருந்தது. சடங்கன்று பூசை செய்யும் கட்டாடியார் மஞ்சள்நீரில் குளிப்பாட்டி, பட்டுச் சுற்றி, பறை முழங்க வெளியே கொண்டுவந்தார். பென்சில் கோடு எந்த இடத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கைகள் என்னைக் கேட்காமலே குவிந்துகொண்டன. மரம் என்பதும் அம்மன் என்பதும் எனக்குள் ஒரே நேரத்தில் இருந்தன. ஒன்று மற்றதைத் தள்ளிவிடவில்லை. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்தது என் பிழை. இரண்டு சேரிக்கும் இரண்டு வடம், எதிரெதிராக இழுப்பார்கள் என்றுதானே எழுதியிருந்தேன். அப்படி இல்லை. இரண்டு கொம்புகளையும் கொளுவி, ஒன்றைக் குழியில் புதைத்த மரத்தோடு பிணைத்து, மற்றதில் வடம் கட்டினார்கள். ஒரே வடம். வடசேரியும் தென்சேரியும் அதே வடத்தைப் பிடித்து ஒரே பக்கம் இழுக்க வேண்டும். மற்ற வடம் எங்கே என்று திவாகரன் அண்ணனிடம் கேட்டுவிட்டேன்.

"ரெண்டு வடம் எண்டா சண்டைதான் வரும் புள்ள, கொம்பு முறியாது. எல்லாரும் ஒண்டா இழுத்தாத்தான் ஆர்ர முறியுதெண்டு தெரியும்" என்றார்.

இழுத்தார்கள். முறியவில்லை. பின்னேரம் வரை முறியவில்லை. ஊரில் பாதி ஆண்கள் கட்டாரிலும் கொரியாவிலும் இருந்தால் எப்படி முறியும்? கட்டாடியார் யோசித்துவிட்டு, விரதம் இருந்த பெண்களும் பிடிக்கலாம் என்றார். யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனா. அம்மா! அந்த முழங்காலோடு!

"இது என்ர தம்பிர மகன்ட இடம். அவன் வரும் மட்டும் நான் புடிக்கிறன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "தென்சேரிப் பொண்டுகளுக்குக் கடதாசி திருப்பத்தான் கை" என்றா.

ஊர் சிரித்தது. நான் பார்க்க வந்தவள் மச்சான், எழுதுவதற்காகப் பார்க்க வந்தவள். என் செருப்பு எங்கே போனது என்று இன்னும் தெரியாது. வடத்தில் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன்.

கைக்குள் வடம் உயிரோடு துடித்தது. அம்மன் வெல்ல வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தேன், அதே நேரம் அவருடைய கொம்பும் முறியக் கூடாது என்று உள்ளே ஒரு குரல். அவருடையது முறிந்தால் கதை பழையபடி போகும். அவர் போவார். வரமாட்டார்.

முறிந்தது. எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தோம். கட்டாடியார் குழிக்குள் இறங்கிப் பார்த்து, முறிந்த கொம்பைத் தூக்கினார். தென்சேரி.

அம்மன் தோற்றா. பறை நின்றது. நல்லதா கெட்டதா என்று ஊர் கட்டாடியாரின் முகத்தைப் பார்த்தது. அதற்குள் நிலத்தில் கிடந்த அம்மா எழும்பாமலே சொன்னா:

"அப்ப எங்கட ஆள் இந்த முறை போகமாட்டான்."

பிறகு கட்டாடியார் சிரித்தார். அவர் சிரிக்க ஊரே குலவையிட்டது, அழுதது. நானும் அழுதேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முடிவு தெரிந்து வருகிறவர்கள் அல்ல அவர்கள். இந்த முறையாவது என்று வருகிறவர்கள். ஒவ்வொரு வருடமும் அந்தக் கதை முதல் தரம் நடக்கிறது.

அப்பா தன் சேரி தோற்ற துக்கத்தில் மூன்று நாளும் சோறு கேட்கவே இல்லை. அம்மாவாகவே இரங்கிப் போட்டா.

புதிய அத்தியாயம் இத்துடன். நீலாத்தை மூன்று தரம்தான் கூப்பிடலாம், அது சடங்கின் விதி. நான்காம் தரம் கூப்பிட்டது அவள் அல்ல, கூட்டத்தில் செருப்புத் தொலைந்த ஒருத்தி. ஓடனாக வேடமிட்டவன் தலையைத் திருப்புகிறான்.

கனடாவிலிருந்து மறுநாள் போன் வந்தது. அப்பா என்னிடமே தந்தார். பேசினேன். என்ன சொன்னேன் என்று இதில் எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைப் பார்த்திருக்கும்,
தனுஷியா


கோஜே தீவு,
02.07.2025

அன்புள்ள தனுஷியா,

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. சித்திரையில் வலது கையில் சூடு பட்டது. கட்டுப் போட்டிருந்தார்கள், இப்போது ஆறிவிட்டது, விரல் எல்லாம் மடங்குகிறது. அம்மாவுக்குச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. போனில் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டுப் போன் பொதுச்சொத்து.

உன் கடிதத்தைப் பேருந்தில் படித்தேன். "முறிஞ்சிட்டு!" என்று தமிழில் கத்திவிட்டேன். கொரியக் கிழவர் ஒருவர் எழுந்து எனக்கு இருக்கை தந்தார். உன் அம்மா என் இடத்தைப் பிடித்தா என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். 'அவன் வரும் மட்டும்' என்றா சொன்னா? அப்படியேவா?

அத்தியாயம் உயிரோடு இருக்கிறது. செருப்புத் தொலைந்தவள் கூப்பிட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒன்று மட்டும் குறை. தலையைத் திருப்பினான் என்று நிறுத்திவிட்டாய். தலையைத் திருப்புவது பெரிய காரியமா? நானும் தினமும் திருப்புகிறேன். துடுப்பை என்ன செய்தான்? அதை நீ எழுதவில்லை.

கனடாவுக்கு என்ன சொன்னாய்? கேட்கலாமா?

மதுரன்


நாவற்குடா,
20.07.2025

அன்புள்ள மச்சான்,

கையைக் காட்டி ஒரு படம் அனுப்புங்கள், மாமிக்குத் தெரியாமல். கற்றாழை கிடைத்தால் தடவுங்கள். இங்கே எல்லாரும் சுகம். நெல் நன்றாக நிற்கிறது, காய்ச்சலும் அடங்கியிருக்கிறது. கொம்பினால்தான் என்று வடசேரி ஆட்கள் மார்தட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

அம்மா அப்படியேதான் சொன்னா.

கேட்கலாம். கனடாக்காரர் நல்லவர், மரியாதையாகப் பேசினார். வீடு இருக்கிறது, அதில் இருப்பவர்தான் எனக்கு வேண்டும் என்று சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன். எங்கள் வீட்டில் கொம்பு நாட்களில் எதிர்ச்சேரிக்கு அடுப்பு எரியாது, வடசேரிக்குச் சோறு இல்லை, அதற்குச் சம்மதமா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குகிறவர் ஒருவர்தான் இருக்க முடியும் என்று அப்போது எனக்கே தெரிந்துவிட்டது.

துடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். எழுதிப் பார்த்தேன், வரவில்லை. துடுப்பு அவன் கையில் இருக்கிறது. கூப்பிடுவது மட்டும்தான் கரையில் நிற்பவளுடைய வேலை.

கூப்பிட்டாயிற்று.

வீட்டுக்கு ஓடு போட்டுவிட்டார்கள். ஆடி பிறந்துவிட்டது.

தனுஷியா


கோஜே தீவு,
08.08.2025

என் அன்புள்ள தனுஷியாவுக்கு,

சுகம். கைப் படம் போனில் வரும். உன் கடிதம் வந்த அன்றே அலுவலகத்துக்குப் போய், கையெழுத்துப் போடாத ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பெரியவர் என் கையைப் பார்த்தார், சூட்டுக் காயத்துக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். விளக்க எனக்குக் கொரிய மொழி போதவில்லை. நேபாளத்துப் பையன்தான் பெட்டி கட்ட உதவுகிறான். ஐப்பசி மழைக்கு முன் வந்துவிடுவேன்.

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை வெற்றிலைத் தட்டோடு மாமாவிடம் வருவா. உன் அம்மாவைத் தொதல் கிண்டச் சொல்.

ஓடன் துடுப்பைக் குறுக்கே போட்டான் என்று எழுது. அப்படிப் போட்டால் தோணி கரையைப் பார்த்துத் திரும்பும். கல்குடாவில் பிறந்தவன் சொல்கிறேன், இதில் பிழை வராது.

கொம்பு நாட்களில் வடசேரிக்குச் சோறு இல்லை என்பது சம்மதம். அம்மாவிடம் போய்ச் சாப்பிட்டுக்கொள்வேன். மற்ற நாட்களுக்கு உலையில் ஒரு பிடி அரிசியைக் கூடப் போடு.

வருகிறேன்,
மதுரன்